நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன்: முதல்முறை வாங்குகிறவர்களுக்கு

நான் முதலில் வாங்கிய ஹெட்போனின் பெட்டியில் ‘நாய்ஸ் கேன்சலேஷன்’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. நம்பி வாங்கி, பேருந்தில் ஏறியதும் மாட்டிக்கொண்டேன். எஞ்சின் உறுமல் கொஞ்சமும் குறையவில்லை. கருவியில்தான் ஏதோ கோளாறு என்று இரண்டு நாள் பட்டன்களை எல்லாம் அழுத்திப் பார்த்தேன். மூன்றாம் நாள் பெட்டியைத் திரும்ப எடுத்துப் படித்தபோதுதான், பக்கவாட்டில் சின்ன எழுத்தில் ‘ஈஎன்சி’ என்று இருந்தது கண்ணில் பட்டது. அது மைக்குக்கான வசதி. நான் போனில் பேசும்போது என்னைச் சுற்றியுள்ள சத்தம் எதிர்முனையில் இருப்பவருக்குக் குறைவாகக் கேட்கும், அவ்வளவுதான். என் காதுக்கு அது எதையும் செய்யாது.

அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் மூன்று சொற்களைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஏஎன்சி என்றால் உங்கள் காதுக்கு வரும் இரைச்சலை மின்னணு முறையில் அழிப்பது. நமக்கு வேண்டியது இதுதான். ஈஎன்சி, மேலே சொன்ன மைக் வசதி. ‘நாய்ஸ் ஐசொலேஷன்’ என்று எழுதியிருந்தால், மெத்தை காதை மூடுவதால் சத்தம் தானாகவே கொஞ்சம் தடுக்கப்படுகிறது என்று பொருள். பேட்டரிக்கும் சில்லுக்கும் அதில் வேலை இல்லை. பெட்டியில் வெறுமனே ‘நாய்ஸ் கேன்சலிங்’ என்று மட்டும் இருந்தால், ஏஎன்சியை ஆன் ஆஃப் செய்ய ஹெட்போனில் ஒரு பட்டனாவது ஆப்பில் ஒரு அமைப்பாவது இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் மைக்கைப் பற்றித்தான் சொல்கிறார்கள்.

முதல் படி: உங்கள் இரைச்சல் எது?

கடைக்குப் போவதற்கு முன் ஒரு நாள் முழுக்க உங்களைத் தொந்தரவு செய்யும் சத்தங்களை ஒரு தாளில் குறித்து வையுங்கள். பேருந்து எஞ்சின், ஏசி, மின்விசிறி, பக்கத்து மேசைக்காரரின் பேச்சு, நாய் குரைப்பு, ஹாரன், எதுவாக இருந்தாலும் சரி. இந்தப் பட்டியல் கையில் இல்லாமல் விமர்சனங்களைப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஏஎன்சி எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் குறைக்காது. ஏன் என்று புரிந்துகொண்டால் பாதித் தேர்வு முடிந்தது, ஆகவே இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஒலி என்பது காற்றில் வரும் அழுத்த அலை. ஹெட்போனில் உள்ள மைக்குகள் வெளிச்சத்தத்தைக் கேட்கின்றன. உள்ளே இருக்கும் சில்லு அதற்கு நேர் எதிரான அலையைக் கணக்கிட்டு ஸ்பீக்கர் வழியாக விடுகிறது. அந்த அலையில் மேடு வரும் இடத்தில் இதில் பள்ளம், பள்ளம் வரும் இடத்தில் மேடு. இரண்டும் காதருகே சேரும்போது ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன.

காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் போகிறது. எஞ்சின் உறுமலைப் போன்ற 100 ஹெர்ட்ஸ் (அதாவது நொடிக்கு 100 முறை அதிரும்) சத்தத்தின் ஓர் அலை 3.4 மீட்டர் நீளம் இருக்கும். அவ்வளவு நீண்ட அலையில், எதிர் அலை ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் போனாலும் பெரிதாகக் கெட்டுப்போவதில்லை. 5000 ஹெர்ட்ஸ் சத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அலை நீளம் 7 சென்டிமீட்டர்தான். அதில் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் சத்தம் கிட்டத்தட்ட அப்படியே காதுக்குள் வந்துவிடும். இதனால்தான் ஏஎன்சியின் பலமெல்லாம் கீழ்ச்சுருதியில் இருக்கிறது. ஏறக்குறைய 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே போகப் போக அதன் வேலை குறைந்து, காதை மூடும் மெத்தையின் வேலை கூடுகிறது.

இந்தத் தொழில்நுட்பம் பிறந்த இடத்தைப் பார்த்தாலும் இது விளங்கும். எதிர் அலையால் ஒலியை அழிக்கலாம் என்ற யோசனைக்கு 1936-லேயே பால் லூயெக் என்பவர் அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தார். அது ஹெட்போனாகப் பரவலாக மக்கள் கைக்கு வரக் காரணம் விமானம். 1978-ல் சூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்துகொண்டிருந்த, போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தின் நிறுவனர் அமர் போஸ், எஞ்சின் சத்தத்தில் பாட்டே கேட்காமல் போனதும் விமானத்தில் உட்கார்ந்தபடியே கணக்குப் போடத் தொடங்கினார். அவருடைய நிறுவனத்தின் முதல் ஹெட்செட் 1989-ல் விமானிகளுக்காக வெளிவந்தது. விடாமல் ஒரே மாதிரி ஓடும் கனத்த உறுமல்தான் இதன் முதல் எதிரி. இன்றும் அதோடு மோதும்போதுதான் இது அசத்துகிறது.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வாருங்கள். விமானம், ரயில், பேருந்து, ஏசி, விசிறி என்று ஒரே சீராக ஓடும் சத்தங்கள் அதிகம் என்றால் தயங்காமல் வாங்குங்கள், வாழ்க்கையே மாறும். ஹாரன், நாய், பாத்திரம் விழும் சத்தம் போன்ற திடீர்ச் சத்தங்கள்தான் உங்கள் பிரச்சினை என்றால் ஏஎன்சியால் சிறிது உதவிதான். நன்றாக மூடும் தடித்த மெத்தையைத் தேடுங்கள்.

மனிதப் பேச்சு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. குரலின் அடிப்பகுதி குறையும், சொல்லைப் புரியவைக்கும் மேல்சுருதி ஒலிகள் உள்ளே வரும். விசிறிச் சத்தம் மறைந்துவிடுவதால் பக்கத்து அறைப் பேச்சு முன்பைவிடத் தெளிவாகக் கேட்பது போலக்கூடத் தோன்றலாம். பேச்சிலிருந்து தப்பிக்க வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். அதற்கு ஒரு வழி இருக்கிறது: ஏஎன்சியைப் போட்டுவிட்டு, மேலே மெல்லிய இசையோ மழைச் சத்தமோ குறைந்த அளவில் ஓடவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் பேச்சு மங்கிவிடும். முழு அமைதி மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

எனக்கு இந்தக் கருவியின் மேல் இவ்வளவு அக்கறை வந்ததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. சாதாரண இயர்போன் வைத்திருந்த காலத்தில் எஞ்சினை ஜெயிக்கப் பாட்டை முழு அளவில் வைத்துத்தான் கேட்பேன். தினமும் இரண்டு மணி நேரம். இறங்கிய பிறகு காதில் ‘ஙொய்’ என்று ஓர் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அது தவறு. பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான எல்லை. சத்தம் 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும் அந்த நேரம் பாதியாகிவிடும்: 83-ல் 20 மணி நேரம், 86-ல் 10 மணி நேரம். ஏஎன்சி வந்த பிறகு அதே பேருந்தில் பாதி அளவில் வைத்தாலே பாட்டு தெளிவாகக் கேட்கிறது. ஒலியின் தரத்தைவிட, மைக்கைவிட, இதுதான் இந்தக் கருவி எனக்குச் செய்த பெரிய நன்மை என்பேன்.

இரண்டாம் படி: தலையில் வைத்துப் பாருங்கள்

எத்தனை நல்ல சில்லு இருந்தாலும் மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் கீழ்ச்சுருதிச் சத்தம் அந்த வழியே புகுந்துவிடும். பாட்டின் பேஸும் அதே வழியே ஓடிவிடும். ஆகவே உங்கள் தலையில் சரியாகப் பொருந்துகிற நடுத்தர ஹெட்போன், பொருந்தாத உயர்ந்த ஹெட்போனைவிட நன்றாக வேலை செய்யும்.

கண்ணாடி அணிபவர்கள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். கண்ணாடியின் காம்பு மெத்தையைத் தூக்கி இடைவெளி உண்டாக்கும். ஒரு எளிய சோதனை: கண்ணாடியோடு ஹெட்போனை மாட்டி, ஏஎன்சியை ஆன் செய்து, பாட்டு இல்லாமல் நில்லுங்கள். காதை மூடும் இரண்டு குவளைகளையும் கைகளால் மெல்ல அழுத்துங்கள். அழுத்தும்போது சத்தம் சட்டென்று குறைந்தால் சாதாரணமாக மாட்டும்போது கசிவு இருக்கிறது என்று அர்த்தம். மெத்தை மிருதுவாகவும் தடிமனாகவும் உள்ள வேறொரு மாடலை எடுத்துப் பாருங்கள். அடர்த்தியான முடி, பெரிய கம்மல், தாடி ஆகியவற்றுக்கும் இதே சோதனைதான்.

அடுத்தது எடை. சோனியின் டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்5 சுமார் 250 கிராம், சென்ஹைசரின் மொமென்டம் 4 சுமார் 293 கிராம், ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் சுமார் 385 கிராம். தாளில் பார்த்தால் சின்ன வித்தியாசம். மூன்று மணி நேரம் கழித்து உச்சந்தலை சொல்லும் கதை வேறு. எடையைப் போலவே இறுக்கமும் முக்கியம்: இறுக்கமாக இருந்தால் மூடுவது நன்றாக இருக்கும், தாடை வலிக்கும், தளர்வாக இருந்தால் சுகமாக இருக்கும், குனிந்தால் நழுவும். கடையில் இரண்டு நிமிடம் மாட்டிப் பார்ப்பது போதாது. முடிந்தால் 20 நிமிடமாவது கழற்றாமல் வைத்திருங்கள். காது மடல் உள்ளே இருக்கும் துணியில் உரசுகிறதா என்றும் பாருங்கள். முதலில் தெரியாத உரசல்தான் ஒரு மணி நேரத்தில் வலியாக மாறுகிறது.

செயற்கைத் தோல் மெத்தை நன்றாக மூடும், ஆனால் வியர்க்கும். துணி மெத்தையில் காற்றோட்டம் உண்டு, கசிவும் உண்டு. இரைச்சலைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் தோல் மெத்தையே என் விருப்பம். உடற்பயிற்சிக்கும் ஓட்டத்துக்கும் இந்த வகை ஹெட்போனையே நான் பரிந்துரைக்க மாட்டேன். வியர்வை தாங்கும் என்று தனியாகச் சொல்லப்படாத மாடல்கள்தான் இதில் அதிகம்.

இன்னொரு விஷயம். ஏஎன்சியை ஆன் செய்ததும் சிலருக்குக் காது அடைத்தது போல, விமானம் இறங்கும்போது இருப்பது போல ஓர் உணர்வு வரும். காதுக்குள் உண்மையில் அப்படி அழுத்தம் எதுவும் ஏறுவதில்லை. வழக்கமாகக் கேட்கும் கீழ்ச்சுருதி திடீரென்று காணாமல் போவதை மூளை அப்படி எடுத்துக்கொள்கிறது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். பலருக்குச் சில நாளில் பழகிவிடும். சிலருக்குத் தலைச்சுற்றல் வரை போகும். ஏஎன்சியின் அளவைக் குறைக்க ஆப்பில் வழி இருக்கும் மாடலை எடுத்தால் இந்தத் தொல்லையைச் சமாளிக்கலாம். அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வற்புறுத்திப் பழக வேண்டாம்.

மூன்றாம் படி: எதோடு இணைக்கப் போகிறீர்கள்?

புளூடூத்தில் பாட்டு அப்படியே போவதில்லை, சுருக்கித்தான் போகிறது. சுருக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். எஸ்பிசி எல்லாப் புளூடூத் ஹெட்போனிலும் இருக்கும். ஏஏசி பெரும்பாலானவற்றில் இருக்கும். எல்டாக் என்பது சோனி உருவாக்கியது, நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும். ஆப்ட்எக்ஸ் என்று இன்னொரு குடும்பம் உண்டு. நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: கோடெக் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். ஐபோனில் எல்டாக்கும் இல்லை, ஆப்ட்எக்ஸும் இல்லை, எஸ்பிசியும் ஏஏசியும்தான். ஐபோன் வைத்திருப்பவர் எல்டாக்குக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருளில்லை. ஆண்ட்ராய்டு 8 முதல் எல்டாக் வந்துவிட்டது, ஆனால் அதையும் அமைப்புகளில் போய்ச் சரிபாருங்கள். ஓடும் பேருந்தில் கேட்பதற்கு ஏஏசியே தாராளம் என்பது என் அனுபவம்.

கோடெக்கைவிட அன்றாடம் கை கொடுப்பது மல்டிபாயிண்ட். ஒரே நேரத்தில் மடிக்கணினி, போன் இரண்டோடும் இணைந்திருக்கும் வசதி அது. கணினியில் பாட்டு ஓடும்போது போன் அடித்தால் ஹெட்போன் தானாக அழைப்புக்குத் தாவும். வேலைக்கு வாங்குகிறீர்கள் என்றால் இது இல்லாத மாடலை எடுக்காதீர்கள். சில மாடல்களில் மல்டிபாயிண்டும் எல்டாக்கும் ஒன்றாக ஓடாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

புதிதாக வாங்கியவர்கள் அடிக்கடி பயந்துபோகும் ஓர் இடம் உண்டு. கணினியில் வீடியோ கூட்டத்தில் சேர்ந்ததும் ஒலி திடீரென்று பழைய தொலைபேசி போல மட்டமாகிவிடும். ஹெட்போன் கெடவில்லை. வழக்கமான புளூடூத்தில் உயர்தர ஸ்டீரியோ ஒலி ஒரு வழிப் பயணம். மைக்கையும் பயன்படுத்தத் தொடங்கினால் இணைப்பு அழைப்புக்கான வேறொரு முறைக்கு மாறி, தரத்தைக் குறைத்துக்கொள்கிறது. கூட்டத்தின் ஒலி அமைப்பில் மைக்காக மடிக்கணினியின் சொந்த மைக்கையும், ஸ்பீக்கராக மட்டும் ஹெட்போனையும் தேர்ந்தெடுங்கள். உடனே சரியாகிவிடும். எல்இ ஆடியோ என்ற புதிய முறை இந்தக் குறையைத் தீர்க்க வல்லது, ஆனால் அதுவும் இரண்டு பக்கமும் இருந்தால்தான்.

படம் பார்க்கும்போது உதட்டசைவும் ஒலியும் பொருந்துவதைப் பெரும்பாலான செயலிகள் தாமாகவே சரிசெய்துவிடும். விளையாட்டில் அப்படிச் செய்ய முடியாது. துப்பாக்கி வெடித்த பிறகுதான் சத்தம் வரும். விளையாட்டே முக்கியம் என்றால் புளூடூத்தை நம்பாமல், வயரிலோ, கணினியில் செருகும் தனி 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளிலோ ஓடும் ஹெட்செட்டுக்குப் போங்கள். அப்புறம், 3.5 மில்லிமீட்டர் துளை இருக்கிறதா என்று பாருங்கள். விமான இருக்கைத் திரையில் செருகவும், பேட்டரி தீர்ந்தால் சமாளிக்கவும் உதவும். சார்ஜ் இல்லாவிட்டால் வயரிலும் ஓடாத மாடல்கள் இருக்கின்றன, அதையும் விசாரியுங்கள்.

பெட்டியில் எதை நம்பலாம், எதை விடலாம்

‘50 டெசிபல் வரை குறைக்கும்’ என்ற வரியில் ‘வரை’ என்ற சொல்தான் முக்கியம். ஏதோ ஓர் அலைவரிசையில் கிடைத்த உச்ச அளவு அது, எல்லாச் சத்தத்துக்கும் பொருந்தாது. டிரைவர், அதாவது உள்ளே ஒலி எழுப்பும் ஸ்பீக்கர், பெரிதாக இருந்தால் ஒலி நன்றாக இருக்கும் என்பதும் விதியில்லை. சோனியின் எக்ஸ்எம்4-ல் 40 மில்லிமீட்டர் டிரைவர், அதற்குப் பின் வந்த எக்ஸ்எம்5-ல் 30 மில்லிமீட்டர்தான். ‘40,000 ஹெர்ட்ஸ் வரை’ என்பதையும் விட்டுவிடுங்கள், மனிதக் காது நல்ல நிலையில் கேட்பதே 20,000 வரைதான். ‘ஹைப்ரிட் ஏஎன்சி’ என்பது மட்டும் கவனிக்கத்தக்க சொல். வெளியே ஒரு மைக், மெத்தைக்கு உள்ளே காதருகே இன்னொரு மைக் வைத்து, அழித்த பின் என்ன மிச்சம் என்பதையும் பார்த்துத் திருத்திக்கொள்ளும் முறை அது.

பேட்டரியைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். ஏஎன்சியோடு 30 மணி நேரம் என்பது இப்போது சாதாரணம். மொமென்டம் 4 போன்றவை 60 மணி நேரம் வரை சொல்கின்றன. நாளுக்கு மூன்று மணி நேரம் கேட்பவருக்கு 30 மணி நேரமே பத்து நாள் வரும்.

அதைவிட, மாற்று மெத்தை கிடைக்குமா என்று விசாரியுங்கள். செயற்கைத் தோல் இரண்டு மூன்று ஆண்டில் உரியத் தொடங்கும். உரிந்தால் மூடுவதும் கெடும், ஏஎன்சியும் கெடும். தயாரிப்பாளரின் மெத்தையே தனியாகக் கிடைக்கிற மாடல் என்றால் அதற்கு இன்னொரு ஆயுள் உண்டு. தினமும் பையில் போட்டுத் தூக்குகிறவர்கள் மடங்கும் மாடலா என்றும் பாருங்கள். எக்ஸ்எம்5 மடங்காது, அதற்கு முந்தையதும் பிந்தையதும் மடங்கும். நான் மடங்குகிறதையே எடுப்பேன்.

நான்காம் படி: கடையில் கேட்டுப் பாருங்கள்

உங்கள் போனையும், உங்களுக்கு நெருக்கமாகத் தெரிந்த இரண்டு மூன்று பாட்டையும் கொண்டுபோங்கள். முதலில் பாட்டே போடாதீர்கள். ஏசி அல்லது விசிறிக்கு அருகில் போய் நின்று ஏஎன்சியை ஆன், ஆஃப், ஆன் என்று மாற்றிக் கேளுங்கள். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானது போல் இருக்கும். நல்ல மாடலில் உறுமல் அதைவிட அதிகமாக விழும். அப்புறம் அமைதியான மூலையில் கேளுங்கள்: ‘ஸ்ஸ்’ என்ற மெல்லிய இரைச்சல் வந்தால், இரவில் அமைதியான அறையில் அது உங்களை உறுத்தும். வெளிச்சத்தத்தை உள்ளே விடும் டிரான்ஸ்பரன்சி முறையையும் போட்டு, விற்பனையாளரோடு பேசிப் பாருங்கள். அவர் குரல் இயல்பாகக் கேட்க வேண்டும். கடைசியாகத்தான் பாட்டு, அதுவும் ஒரே ஒலி அளவில் எல்லா மாடலிலும். சத்தமாக இருப்பது எப்போதும் நன்றாக இருப்பது போலவே தோன்றும், அதனால் அளவைச் சமன் செய்யாமல் ஒப்பிட முடியாது.

சாலையில் நடக்கும்போது ஏஎன்சியைப் போடாதீர்கள். டிரான்ஸ்பரன்சிக்கு மாறுங்கள், சாலையைக் கடக்கும்போது கழற்றியே விடுங்கள். வண்டி ஓட்டும்போது மாட்டவே வேண்டாம். துளையிடும் இயந்திரம், பட்டறை போன்ற இடங்களில் இதைக் காதுப் பாதுகாப்பாக நினைக்கவும் கூடாது. அதற்கென்று சான்று பெற்ற காதுக்கவசம் வேறு.

வாங்கிய பிறகு முதல் வாரம்

திருப்பிக் கொடுக்கும் கால அவகாசம் எத்தனை நாள் என்று ரசீதிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், பெட்டியைக் கிழிக்காமல் வையுங்கள். முதல் நாளே ஆப்பை நிறுவி மென்பொருளைப் புதுப்பியுங்கள். பிறகு நீங்கள் தாளில் எழுதிய சத்தங்கள் ஒவ்வொன்றின் நடுவிலும் போய்க் கேளுங்கள்: அதே பேருந்து, அதே ஏசி, அதே மேசை. காற்று வீசும் இடத்திலும் ஒரு முறை நடந்து பாருங்கள், வெளி மைக்கில் காற்று மோதி ‘புர்ர்’ என்று கேட்டால் அதைக் குறைக்கும் அமைப்பு ஆப்பில் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு நாளாவது இடைவிடாமல் இரண்டு மணி நேரம் மாட்டியிருங்கள். அப்போது உச்சந்தலையோ காது மடலோ வலித்தால், பட்டையைத் தளர்த்தி இன்னொரு நாள் பாருங்கள். அப்போதும் வலித்தால், அவகாசம் முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட்டு அதைவிட எடை குறைந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.